ஈரலுக்குத் தெரிந்த அளவு

பிப்ரவரி 3

அன்புள்ள சில்லறைக்கு,

அண்ணி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை, இந்த முறை அந்த வரியில் வந்து நின்றுவிட்டது.

உன் அண்ணன் போனில் பாதியைத்தான் சொல்லியிருப்பார். அவர் எதையும் பாதிதான் சொல்வார். மீதியை நான் எழுதுகிறேன். நானே போனில் பேசலாம்தான். ஆனால் தையல் ஆலையில் இத்தனை வருஷம் மெஷின் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்த காதுக்கு, போனில் உன் குரல் கொசு ரீங்காரம் மாதிரிதான் கேட்கிறது.

மாமாவுக்குக் கண் இரண்டும் மஞ்சள். வயிறு வீங்கி, கால் வீங்கி, பகலெல்லாம் தூங்குகிறார். போன வாரம் சமையலறைக்கு வந்து என்னைப் பார்த்து, "எங்க இறங்கணும்?" என்று கேட்டார். முதலில் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த மனுஷர், கை நீட்டிக் காசுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்வேன்? கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தேன்.

எப்போதோ வந்த மஞ்சள்காமாலைக் கிருமி உள்ளேயே தங்கி, சத்தம் போடாமல் ஈரலைத் தின்றுவிட்டதாம். இனி மருந்து கேட்காது, உயிரோடு இருக்கும் ஒருவருடைய ஈரலில் ஒரு பங்கை வெட்டி வைத்தால்தான் உண்டு என்று டாக்டர் சொல்கிறார். உன் அண்ணனைத்தான் முதலில் சோதித்தார்கள். அவர் ஈரல் முழுக்கக் கொழுப்பாம். அவமானம் தாங்காமல் இப்போது தினமும் காலையில் வேகமாக நடக்கப் போகிறார். நடந்துவிட்டு வந்து இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிடுகிறார்.

மாமாவின் ரத்த வகைதான் மகளான உனக்கும். கேட்கவே வாய் கூசுகிறது. அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்க்கிறாயா?

இன்னொன்று. வெட்டிக் கொடுத்த ஈரல் திரும்ப வளர்ந்துவிடும் என்கிறார்கள். நகம் வளரும், முடி வளரும், தெரியும். ஈரலா? பிள்ளைகளுக்கு உயிரியல் பாடம் நடத்துகிறவள் நீ. உண்மையைச் சொல். எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அண்ணி


பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை ஆசிரியர்கள் அறையில் நின்றபடியே படித்தேன். மணி அடித்தது தெரியவில்லை. பிள்ளைகள் வந்து கூட்டிப்போனார்கள். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அப்பாவைப் பார்க்கிறேன் என்று உங்களை விட்டுவிடாதீர்கள்.

இதில் கேட்க என்ன கூச்சம்? நாளை மறுநாள் சோதனைக்குப் போகிறேன். தலைமை ஆசிரியையிடம் மூன்று மாத விடுப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டேன். "அவ்வளவு நாளா?" என்றார். "ஈரல் வளர வேண்டாமா?" என்றேன். உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். நம் உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளால் ஆனது. செல் என்போம். தோலில் இருக்கும் செல்கள் ஓயாமல் இரண்டாகப் பிரிந்துகொண்டே இருக்கும். மூளையில் இருப்பவை பெரும்பாலும் பிரிவதையே விட்டுவிட்டவை. ஈரல் செல் இரண்டிலும் சேராது. அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு வருஷக்கணக்கில் பிரியாமல் கிடக்கும். ஆனால் எப்படிப் பிரிவது என்பதை மறக்காது. ஒரு பங்கை வெட்டி எடுத்தால், மிச்சம் இருப்பவை விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். உடம்புக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வளர்ந்ததும் நிறுத்திக்கொள்ளும். இதைப் பாடமாக எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். என் வயிற்றுக்குள்ளேயே நடக்கப்போகிறது என்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

அப்பாவிடம் சொல்லுங்கள், அவருடைய சில்லறை வந்துகொண்டிருக்கிறாள் என்று. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் தோள்பையை உலுக்கி விளையாடிய பெண்ணுக்கு அவர் வைத்த பெயர். அதற்காகவாவது ஒருமுறை சிரிக்கட்டும்.

அன்புடன்,
சில்லறை


மார்ச் 1

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அங்கே அனைவர் நலமும் அறிய ஆவல்.

சோதனை முடிந்தது. என்னால் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். காரணத்தைப் பிறகு விவரமாக எழுதுகிறேன். அப்பாவிடம் போனில் பேசினேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதைத் தவிர வேறு எதுவும் எழுத வரவில்லை.

இங்கே வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. வகுப்பறையை மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் வழியாகச் சாலை தெரிகிறது.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்.

சில்லறை


மார்ச் 14

சில்லறைக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உன் கடிதம் வந்த அன்றே உன் அண்ணன் மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். "ரிப்போர்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாராம் மாப்பிள்ளை. பிறகு இருமினாராம். பிறகு யாரோ வாசலில் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாராம். நான் எதையும் கேட்கப்போவதில்லை. ஜன்னல் வழியாகச் சாலை தெரிகிறது என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம்.

என் ரத்தமும் ஒத்துப்போகிறதாம். ஈரலில் கொழுப்பு இல்லையாம். நாள் முழுக்கக் கால் மெஷினை மிதித்ததில் ஒரு லாபம். அதனால் நான் கொடுக்கிறேன். ஆலையில் மேலாளர், "மாமனாருக்கா?" என்று இரண்டு முறை கேட்டார். சொந்த அப்பாவுக்கு என்றால் ஒருமுறைதான் கேட்டிருப்பார் போல.

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் சாப்பாட்டைத் தொடாமல் அடம் பிடித்தார். "நீ எதுக்கும்மா? உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அதையே சொன்னார். படிக்காதவள் என்று சொல்கிறாரோ என்று எனக்குச் சுருக்கென்றது. கடைசியில் நான்தான், "வண்டி கிளம்பப் போகுது மாமா, ஏறுறீங்களா இல்லையா?" என்று கத்தினேன். அவர் அழுதுவிட்டார். மாமா அழுது அதுவரை நான் பார்த்ததில்லை.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. திரும்ப வளரும் என்று நீ எழுதியது நிஜம்தானா, என் பயத்தைப் போக்க எழுதியதா? இப்போது வெட்டப்போவது என் வயிற்றை. என் மகளுக்கு இன்னும் பள்ளிக்கூடம் முடியவில்லை.

அண்ணி


மார்ச் 21

அன்புள்ள அண்ணி,

பென்சிலில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். படுத்தபடி எழுதினால் பேனாவில் மை இறங்குவதில்லை. கொஞ்சம் அசதி, வேறொன்றும் இல்லை. நீங்கள் நன்றாகத் தூங்குகிறீர்களா? அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் தூக்கம் முக்கியம்.

நான் எழுதியது நிஜம். இந்த ஒரு விஷயத்தில் என்னை நம்புங்கள். உங்களுக்குள் என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வலதுபக்கத்துப் பெரிய பங்கை எடுப்பார்கள். மிச்சம் இருக்கும் சின்னப் பங்குக்குள்ளேயே அத்தனை ரத்தமும் ஓட வேண்டியிருக்கும். அந்த நெருக்கடிதான் செல்களை எழுப்பும். எழுந்த செல் உடனே பிரிந்துவிடாது. முதலில் தன்னை வளர்த்துக்கொள்ளும். பிறகு தனக்குள் சுருட்டி வைத்திருக்கும் நூலை அப்படியே இன்னொரு படி எடுக்கும். நம்மை நாமாக ஆக்கும் சேதி முழுக்க அந்த நூலில்தான் இருக்கிறது. படி எடுத்து முடித்ததும் நின்று சரிபார்க்கும். உங்கள் ஆலையில் காலர் தைத்ததும் ஒரு செக்கர், கை வைத்ததும் ஒரு செக்கர் என்று இருப்பார்களே, அந்த மாதிரி. தப்பு இருந்தால் பிரித்துத் தைக்கும். சரிசெய்யவே முடியாத தப்பு என்றால் அந்தச் செல் தன்னையே முடித்துக்கொள்ளும். கெட்டுப்போன துணியை அடுத்த மேசைக்கு அனுப்பாது. எல்லாம் சரி என்றால் நூல்களை நடுவில் வரிசையாக நிறுத்தி, இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் பாதி என்று இழுக்கும். பிறகு இடுப்பில் நாடா கட்டி இறுக்கியது போல நடுவில் குறுகி, இரண்டாகும்.

முதல் வாரத்திலேயே பெரிய வளர்ச்சி வந்துவிடும். அந்த நாட்களில் உங்களுக்கு அசதி அசதியாக வரும். வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். எழுந்து வீட்டு வேலை பார்க்காதீர்கள். கனமான எதையும் தூக்காதீர்கள். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள்.

அப்பா உங்களை ஒன்றும் தெரியாதவள் என்று நினைக்கவில்லை அண்ணி. அவர் சொன்னது வேறு.

நான் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டியவள். இல்லை.

சில்லறை


ஏப்ரல் 26

சில்லறைக்கு,

பிழைத்துக்கொண்டேன். மாமாவும் பிழைத்துக்கொண்டார். ஆபரேஷன் நடந்து மூன்று வாரம் ஆகிறது. உன் அண்ணன் போனில் சொல்லியிருப்பார், அதனால் எழுத அவசரமில்லை என்று விட்டுவிட்டேன். அங்கே சுகம்தானே?

வலி பற்றி நீ எழுதவில்லை. எழுதியிருந்தால் பயந்திருப்பேன், அதனால் சரிதான். கண் விழித்தபோது என்னை யாரோ நடுவில் வெட்டி, அவசரத்தில் வேறு யாருடைய கீழ்ப்பாதியையோ வைத்துத் தைத்துவிட்ட மாதிரி இருந்தது. தழும்பைப் பார்த்தேன். தையல் நேராக இருக்கிறது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அசதி வரும் என்றாயே, வந்தது. மதியம் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கும்போது, உள்ளே பிரிகிறது, பிரிகிறது என்று நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் செக்கர் பெண்கள் எல்லோரும் என் வயிற்றுக்குள் உட்கார்ந்து சரிபார்ப்பது போல கனவு வந்தது.

மாமாவை எட்டு நாள் கழித்துத்தான் பார்க்க விட்டார்கள். முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் கண்கள் வெள்ளையாக இருந்தன. எத்தனையோ மாதம் கழித்து வெள்ளை. "உட்காரும்மா, சீட்டு காலியாத்தான் இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னொரு முறையும் வெட்டிக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

பக்கத்துப் படுக்கையில் ஒரு வங்கிக்காரி இருந்தாள். தம்பிக்குக் கொடுத்தவள். "மருமகளா குடுத்தீங்க? அவருக்குப் பொண்ணு பிள்ளைன்னு யாரும் இல்லையா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிட்டேன்.

உன்னிடம் மறைக்க எனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

அண்ணி


ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? தழும்பில் அரிப்பு வரும் காலம் இது. சொறியாதீர்கள்.

உங்கள் கடிதம் வந்து வெகுநாளாகிறது. பல முறை எடுத்துப் படித்தேன். நீங்கள் அந்த வங்கிக்காரியிடம் சொன்னது சரி. நான் அங்கே இருந்திருந்தாலும் அதைத் திருத்தியிருக்க மாட்டேன்.

அப்பா மாத்திரைகளை ஒரு வேளையும் தவறவிடக் கூடாது. உங்கள் ஈரலை அவர் உடம்பு அந்நியன் என்று நினைத்துத் துரத்தப் பார்க்கும். மாத்திரைதான் அதைத் தடுக்கிறது. சளி, காய்ச்சல் உள்ள யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். உங்களுக்கு மூன்றாம் மாத ஸ்கேன் எடுத்ததும் அளவு எவ்வளவு என்று எழுதுவீர்களா? கேட்கும் உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

மழை ஆரம்பித்துவிட்டது. நனையாதீர்கள்.

சில்லறை


ஜூலை 9

சில்லறைக்கு,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் எல்லாக் கடிதத்தையும் தொடங்குகிறோம். நானும் கேட்டேன், நீயும் கேட்டாய். ஒருவரும் உண்மையை எழுதவில்லை.

முதலில் ஸ்கேன். டாக்டர் படத்தைக் காட்டினார். பழைய வடிவம் இல்லை, ஒரு பக்கமாகப் புடைத்துக்கொண்டு உருண்டையாக இருக்கிறது. ஆனால் அளவில் ஏறக்குறைய முன்னால் இருந்த மாதிரியே வந்துவிட்டது. "வளர்ந்தாச்சு, இனி ரொம்பப் பெருசாகாது" என்றார். மாமாவுக்குள் இருக்கும் பங்கும் அப்படித்தானாம், அவர் உடம்புக்குத் தக்கபடி வளர்ந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன், உங்கள் பஸ் மாதிரிதான் இதுவும், இரண்டு விசில் ஊதினால் கிளம்புகிறது, ஒரு விசில் ஊதினால் நிற்கிறது, ஊதுவது யார் என்றுதான் தெரியவில்லை என்று. அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

நல்ல மனநிலையில்தான் இருந்தோம். அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டே வழக்கம் போல ஆரம்பித்தேன். "உங்க பொண்ணுக்கு வந்து ஒரு தடவை எட்டிப் பாக்கக்கூட நேரமில்ல பாருங்க" என்றேன். இதை நான் தினமும் ஏதாவது ஒரு விதத்தில் சொல்வேன். தினமும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். மகளைச் சொன்னால் பொறுக்கவில்லை என்று எனக்கு இன்னும் எரிச்சலாக வரும். அன்று அவர் திரும்பவில்லை.

"அவளைத் திட்டாதம்மா" என்றார்.

"திட்டாம கொஞ்சணுமா?"

"அவ மாசமா இருக்கா. டெஸ்டுக்குப் போனப்பதான் அவளுக்கே தெரிஞ்சுது."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்து, இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். எனக்குத்தான் முதல்ல சொன்னா. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. முன்னாடி ரெண்டு தடவையும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, அப்புறம் ஒவ்வொருத்தர்கிட்டயும் இல்லைன்னு சொல்ல வேண்டியிருந்துதே. இன்னொரு தடவை அது முடியாதுப்பான்னா."

"என்கிட்டயுமா?"

"உன்கிட்டதான் முக்கியமா சொல்லக் கூடாதுன்னா. சொன்னா நீ முன்ன வந்து நிப்பேன்னு அவளுக்குத் தெரியும். சொல்லாமலே நீ வந்து நின்னுட்ட. நான் முடியாதுன்னு எவ்வளவோ சொன்னேன். நீ கேக்கல."

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உன் ஈரலை உள்ள வெச்சுக்கிட்டு, நீ அவளைத் திட்டறதைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருக்கேன். யாருக்கும் இந்த நிலைமை வரக் கூடாதும்மா."

உனக்கு எதற்காக எழுதுகிறேன் தெரியுமா? உனக்குக் குழந்தை வரப்போகிறது என்ற சந்தோஷத்தில் இல்லை. அது இருக்கிறது, எங்கேயோ ஒரு மூலையில் இருக்கிறது. இப்போது கோபம்தான் முன்னால் நிற்கிறது. நீ சொல்லியிருந்தாலும் நான்தான் கொடுத்திருப்பேன். சந்தேகமே இல்லை. ஆனால் மனசாரக் கொடுத்திருப்பேன். ஓடிப்போனவளுக்குப் பதிலாகக் கொடுக்கிறேன் என்ற கடுப்போடுதான் அந்த மேசையில் போய்ப் படுத்தேன். மயக்க மருந்து கொடுக்கும்போதுகூட உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த நாளை நான் இனி வேறு மாதிரி ஆக்க முடியுமா?

இரண்டு முறையும் உன் பக்கத்தில் இருந்தவள் நான். தலைவாரி விட்டவள் நான். என்னிடம் சொல்லவில்லை.

படி ஏறாதே. குனிந்து எதையும் எடுக்காதே. பதில் எழுது.

அண்ணி


ஜூலை 20

அன்புள்ள அண்ணி,

உங்கள் ஸ்கேன் சேதியைப் படித்தபோது வாய்விட்டு அழுதேன். மற்றதைப் படிக்கவே அரை நாள் ஆயிற்று.

அப்பா சொன்னது பாதிதான். நீங்கள் முன்னால் வந்து நிற்பீர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை என்பது உண்மை. மறுபாதியை அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் என் முகத்தைப் பார்ப்பீர்கள். ஒன்றும் கேட்க மாட்டீர்கள், பார்ப்பீர்கள். அப்பாவா, இன்னும் உருவம்கூட வராத ஒன்றா என்று நான் ஒருத்தி உட்கார்ந்து முடிவெடுத்ததை யாராவது தெரிந்துகொண்டு என்னைப் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. கரு இருக்கும்போது எடுக்க முடியாது என்றுதான் டாக்டர்கள் சொன்னார்கள். ஆனால் அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது அண்ணி. அப்பாவை நினைப்பதற்கு முன்னால் நிம்மதி வந்தது. அதை எப்படி எழுதுவேன்?

நீங்கள் ஒத்துக்கொண்டதாக எழுதிய அந்த வாரத்தில் எனக்கு ரத்தம் பட்டது. அதனால்தான் படுக்கை, பென்சில் எல்லாம். உங்களுக்குச் செல் பிரிவதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது, எனக்குள் அது எந்த நிமிஷமும் நின்றுவிடலாம் என்று இருந்தது. அந்த வாரங்களில் பிள்ளைக்குக் கை முளைத்திருக்கும். ஆனால் விரல்கள் பிரிந்திருக்காது, வாத்துக்கால் போல ஒட்டிக்கொண்டிருக்கும். விரல்களுக்கு நடுவில் இருக்கும் செல்கள் தங்கள் நேரம் வந்ததும் தாமாகவே செத்துப்போகும். அவை செத்து வழி விட்டால்தான் விரல் விரலாகும். வகுப்பில் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவேன். இந்த முறை ஒவ்வொரு நாளும் படுத்துக்கொண்டு, இன்று பிரிந்திருக்குமா, இன்று பிரிந்திருக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்பு இரண்டு முறையும் குழந்தையிடம் ஒரு குறையும் இல்லை. பிடித்து வைத்துக்கொள்ளத்தான் என் கருப்பையின் வாய்க்கு வலு இல்லை. இந்த முறை அதில் ஒரு தையல் போட்டிருக்கிறார்கள். ஏப்ரலில் போட்டார்கள். உங்களை வெட்டித் தைத்த அதே வாரம். நீங்கள் அங்கே ஒரு மேசையில், நான் இங்கே ஒரு மேசையில். ஒருவருக்கொருவர் தெரியாமல்.

உங்களுக்கு அந்த நாளை என்னால் திருப்பித் தர முடியாது. நீங்கள் கடுப்போடு கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கடுப்போடு கொடுத்ததும் அப்பா உடம்பில் ஒட்டிக்கொண்டதே. நானாக இருந்தால் அந்தக் கடுப்பில் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன்.

எனக்கு இன்னும் பயம் போகவில்லை. இதை உங்களிடம்தான் எழுத முடியும். எழுதவிட்டீர்கள். அது போதும்.

பதில் எழுத மனம் வராவிட்டால் எழுத வேண்டாம்.

சில்லறை


ஆகஸ்ட் 24

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நான் உங்கள் சில்லறையின் கணவன் எழுதுகிறேன். மாமாவும் நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். போனில் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். ஆனாலும் உங்களுக்குத் தனியாக எழுத வேண்டும் என்று அவள் சொன்னாள்.

நேற்றுக் காலை பெண் குழந்தை பிறந்தது. நாள் நெருங்கும் முன்பே வலி வந்துவிட்டது. குழந்தை மிகவும் சிறியது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். மூச்சுக்குக் கொஞ்சம் உதவி தேவைப்படுகிறது. பிழைத்துவிடும் என்று டாக்டர் சொல்கிறார். சொல்லும்போது முகத்தைப் பார்த்துச் சொல்கிறார், அதனால் நம்புகிறேன்.

அவளுக்குக் காய்ச்சல் இருந்தது, இப்போது இறங்கிவிட்டது. குழந்தையை இன்னும் பார்க்கவில்லை. எழுந்து நடக்க அனுமதிக்கவில்லை. உங்களிடமிருந்து கடிதம் வந்ததா என்று இரண்டு முறை கேட்டாள். வரவில்லை என்று சொன்னேன். பரவாயில்லை என்றாள்.

முன்பு போனில் உளறிவிட்டேன். எனக்கு மறைக்க வராது. அதற்காக அவள் என்னோடு வெகுநாள் பேசவில்லை. உங்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி


ஆகஸ்ட் 28

சில்லறை,

இதை அஞ்சலில் போடவில்லை. உன் வார்டு நர்ஸிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் கீழ்த்தளத்தில், மருந்துக் கடைக்கு எதிரே இருக்கும் நீல பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பார்வையாளர் நேரம் சாயங்காலம்தானாம். அதற்கு முன்னால் மேலே விட மாட்டார்களாம். கெஞ்சிப் பார்த்தேன், கண்டிப்பாக இருக்கிறாள். நல்ல நர்ஸ்.

உன் ஜூலைக் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை என்று நினைக்காதே. பல முறை ஆரம்பித்தேன். கோபமாக எழுதினால் உன் உடம்புக்கு ஆகாது என்று கிழித்தேன். கோபமில்லாமல் எழுதினால் அது பொய்யாக இருந்தது, அதையும் கிழித்தேன். மாமா பார்த்துவிட்டு, "எழுதறதை விட்டுட்டு வண்டி ஏறும்மா" என்றார். மாத்திரை கொடுக்க ஆள் வேண்டாமா என்றேன். உன் அண்ணன், நான் இருக்கிறேன் என்றார். உன் அண்ணன் பொறுப்பில் மாமாவை விட்டு வருவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று உனக்குத் தெரியும். மாப்பிள்ளைத் தம்பியின் போன் வந்ததும் கிளம்பிவிட்டேன். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். பெட்டியை நான் தூக்கவில்லை.

குழந்தையைப் பார்த்துவிட்டேன். உனக்கு முன்னால் பார்த்தது தப்புதான். கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்க்க விட்டார்கள். ரொம்பச் சின்னது. தோல் மெலிசாக, உள்ளே ஓடுவதெல்லாம் தெரிகிறது. மூக்கில் ஒரு குழாய். மார்பு எலிக்குஞ்சு மாதிரி அடித்துக்கொள்கிறது. நான் நின்ற நேரம் முழுக்க, ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்த மூச்சு வந்தது. இன்று காலை குழாயில் காற்றைக் குறைத்திருக்கிறார்களாம், தானாகவே இழுக்கிறாளாம். இந்தச் செய்தியை நர்ஸ் உன்னிடம் சொன்னாளா தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

விரல்களை எண்ணினேன். பத்தும் தனித்தனியாக இருக்கின்றன.

கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வழியில் எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை, கூடவே வந்திருக்கிறது. உனக்கு உடம்பு தேறட்டும், உட்கார வைத்துத் திட்டுகிறேன். நீயும் பதிலுக்குப் பேசு. இத்தனை மாதம் இரண்டு பேரும் மரியாதையாக எழுதியது போதும்.

இப்போது ஒன்றும் எழுத வேண்டாம், எழுந்திருக்கவும் வேண்டாம். தூங்கு. சாயங்காலம் கதவைத் திறந்ததும் முதல் ஆளாக வருவேன். உன்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் குழந்தையிடம் கூட்டிப்போக டாக்டரிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. தள்ளக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி தள்ளுவார். நான் பக்கத்தில் நடந்து வருகிறேன்.

அண்ணி